மறைந்துபோன ஓர் ஆங்கிலப் பரோவின் வரலாற்றையும் உறுப்பினர் பட்டியலையும் தொகுப்பது எப்படி

இங்கிலாந்தின் நாடாளுமன்ற வரலாற்றில் 'பரோ' என்பது தன் பெயரிலேயே மக்களவைக்கு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை பெற்றிருந்த ஊரைக் குறிக்கும். பெரும்பாலான பரோக்கள் இருவரை அனுப்பின. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை 1832-க்கும் 1885-க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த உரிமையை இழந்தன. அப்படி இழந்த ஓர் ஊரைப் பற்றித் தமிழில் எழுத முற்படுபவர்கள் பெரும்பாலும் ஆண்டுவாரியாக உறுப்பினர் பெயர்களை எடுத்து அட்டவணையாக அடுக்கி, அதன் தலைப்பில் ஊரைப் பற்றி இரண்டு பத்திகளைச் சேர்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த அட்டவணையில் ஒரு பிழையும் இல்லாவிட்டாலும் அது படிப்பவருக்கு எதையும் விளக்காது. ஒரே குடும்பப்பெயர் அறுபது ஆண்டுகள் தொடர்ந்து வருவதும், திடீரென்று அது மறைந்து அதுவரை கேட்டிராத பெயர்கள் தோன்றுவதும் ஏன் என்று கேட்டால், விடை அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. வாக்கு யாரிடம் இருந்தது, அந்த வாக்கு எதனோடு கட்டப்பட்டிருந்தது, அது யார் கைக்கு மாறியது என்பவற்றை முதலில் கண்டறிந்தால், பெயர்கள் தாமாகவே பொருள் பெறும். ஆகவே இந்த வழிகாட்டியில் பெயர்ப் பட்டியலுக்கு நான் நான்காம் இடமே தருகிறேன். உதாரணத்துக்கு வில்ட்ஷயர் கவுண்டியில் ('கவுண்டி' என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிலப்பிரிவு) இருந்த ஓல்ட் சேரம் என்ற பரோவைப் பெரிதும் பயன்படுத்துகிறேன்.

எந்த ஊர், எந்தக் காலம்

முதல் வேலை ஊரை ஐயமறக் குறிப்பது. யார்க்‌ஷயரில் ஆல்ட்பரோ என்றும், சஃபோக் கவுண்டியில் ஆல்டுபர்க் என்று எழுதப்பட்டு ஏறத்தாழ அதே ஒலியில் உச்சரிக்கப்படுவதாகவும் இரண்டு பரோக்கள் இருந்தன. இரண்டும் இருவர் வீதம் அனுப்பின, இரண்டும் 1832-இல் ஒரே சட்டத்தால் ஒழிந்தன. நியூபோர்ட் என்ற பெயரில் கார்ன்வாலில் ஒன்றும் வைட் தீவில் ஒன்றும் இருந்தன. முன்னது 1832-இல் முடிந்தது, பின்னது 1885 வரை நீடித்தது. கவுண்டியின் பெயரைச் சேர்த்தே ஒவ்வொரு குறிப்பையும் எழுதிவைப்பது நல்லது.

பெயர் மாறாமல் பொருள் மட்டும் மாறுவது இதைவிடப் பெரிய பொறி. செயின்ட் ஆல்பன்ஸ் பரோவாக 1852-இல் ஒழிக்கப்பட்டு, 1885-இல் கவுண்டியின் ஒரு பிரிவாக, அதாவது ஊரைச் சுற்றிய பரந்த பகுதியையும் கொண்ட தொகுதியாக, அதே பெயரில் மீண்டும் வந்தது. டாட்னஸ், ரைகேட் ஆகியவற்றின் கதையும் இதுவே. இடையில் உள்ள ஆண்டுகளில் உறுப்பினர் யாரும் இல்லை என்பதைத் தெளிவாகக் காட்டாமல் இரண்டு பட்டியல்களையும் ஒட்டிவிட்டால், முற்றிலும் வேறுபட்ட இரண்டு தொகுதிகள் ஒன்றாகிவிடும். மறுபுறம், பெயரும் வகையும் மாறாமல் எல்லை மட்டும் விரிந்த ஊர்களும் உண்டு. லஞ்சம் அம்பலமானதால் நியூ ஷோரம் 1771-இலும், கிரிக்லேட் 1782-இலும் சுற்றுவட்டாரக் கிராமங்களின் நிலவுடைமையாளர்களுக்கு வாக்கு தந்து விரிவாக்கப்பட்டன. அந்த ஆண்டுக்குப் பிறகு அங்கே வந்தவர்களை முந்தைய ஊரின் உறுப்பினர்களாகவே நினைத்து எழுதக் கூடாது.

வாக்கு யாருக்கு இருந்தது

1832-க்கு முன் இங்கிலாந்தில் பரோக்களுக்குப் பொதுவான வாக்குரிமைச் சட்டம் கிடையாது; ஒவ்வோர் ஊரின் வழக்கமே அதன் சட்டம். சில ஊர்களில் உள்ளூர் வரி செலுத்திய வீட்டுக்காரர்கள் வாக்களித்தார்கள். சில ஊர்களில் நகர உரிமை பெற்றவர்கள், அதாவது தொழிற்பயிற்சி முடித்தோ, பிறப்பாலோ, நகராட்சியின் கொடையாலோ அந்தத் தகுதியை அடைந்தவர்கள், எங்கே குடியிருந்தாலும் வாக்களித்தார்கள். பாத் நகரில் நகராட்சிக் குழுவின் முப்பது பேருக்கு மட்டுமே வாக்கு இருந்தது. தன் அடுப்பில் தானே சமைத்து உண்ணும் குடும்பத் தலைவர்கள் அனைவரும் வாக்களித்த ஊர்களும் இருந்தன. இன்னும் சில ஊர்களில் 'பர்கேஜ்' எனப்பட்ட குறிப்பிட்ட பழைய மனைகளின் உரிமையாளருக்கே வாக்கு. வாக்கு மனிதரிடம் இல்லாமல் மனையிடம் இருந்தது என்றே சொல்லலாம்.

வகையைக் கண்டுபிடித்தவுடன் வேலை முடிந்துவிட்டதாகக் கருத வேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டரிலும் சர்ரேயில் இருந்த கேட்டனிலும் வாக்குரிமை ஒரே வகைதான்: உள்ளூர் வரி செலுத்தும் குடியிருப்பாளர்கள். ஆனால் வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறத்தாழ 12,000 வாக்காளர்கள் இருந்தார்கள். கேட்டனில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருந்தார்கள். வகையோடு எண்ணிக்கையையும், அந்த எண்ணிக்கை எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

ஓர் ஊரின் வழக்கம் எது என்பதில் சண்டை வந்தால் மக்களவையே தீர்ப்புச் சொன்னது. 1729-ஆம் ஆண்டுச் சட்டம், அவை கடைசியாக அளித்த தீர்ப்பே அந்த ஊருக்கு இறுதியானது என்று வரையறுத்தது. எனவே மக்களவையின் அதிகாரப்பூர்வ நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் ஊரைப் பற்றிய கடைசித் தீர்ப்பைத் தேடுங்கள். 1547 முதல் தொடங்கும் அந்தக் குறிப்புகள் அச்சாகியுள்ளன. 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தபோது மக்களவையின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்துபோன நிலையில், இந்தக் குறிப்புகள் தப்பியது ஆய்வாளருக்குப் பெரிய பேறு.

ஓல்ட் சேரம் பர்கேஜ் வகையைச் சேர்ந்தது. சால்ஸ்பரிக்கு வடக்கே உள்ள ஒரு குன்று அது; இரும்புக்காலக் கோட்டை அரணுக்குள் நார்மன்கள் ஒரு கோட்டையையும் பேராலயத்தையும் எழுப்பினார்கள். 1220-இல் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் மக்கள் படிப்படியாகக் கீழே இறங்கினார்கள். ஊர் காலியாயிற்று, ஆனால் வாக்கு மனைகளோடு ஒட்டியிருந்ததால் உரிமை காலியாகவில்லை. கடைசிக் காலங்களில் பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டாத வாக்காளர்கள், அங்கே குடியிராதவர்கள், வயலில் ஒரு மரத்தடியில் கூடி இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நிலம் யாரிடம் இருந்தது

பர்கேஜ் ஊர்களில் மனைகளை வாங்கியவர் தொகுதியையே வாங்கியவர் ஆனார். தேர்தலுக்குச் சற்று முன்பு நம்பிக்கைக்குரியவர்களின் பெயருக்கு மனைப் பத்திரங்களை மாற்றிக் கொடுத்து, வாக்களித்து முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஆகவே இத்தகைய ஊர்களின் அரசியல் வரலாற்றை நாடாளுமன்ற ஆவணங்களைவிடச் சொத்துப் பத்திரங்கள், உயில்கள், மேனர் எனப்பட்ட நிலப்பிரபுவின் பண்ணைக்கு உரிய நீதிமன்றப் பதிவுகள், குடும்பக் கடிதங்கள் ஆகியவையே அதிகம் சொல்லும். இவை பெரும்பாலும் அந்தந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். வில்ட்ஷயருக்கு உரியவை சிப்பனம் நகரில் உள்ளன. அவற்றின் பட்டியல்களை இணையத்திலேயே தேடலாம்.

ஓல்ட் சேரத்தின் நில வரலாறு தமிழ் வாசகருக்குத் தனிப்பட்ட அக்கறை தருவது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த நிலத்தை வாங்கியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். சென்னையில் அவர் வாங்கிய பெரிய வைரத்தை 1717-இல் பிரான்சின் அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். ஆளுநராவதற்கு முன்பும், திரும்பிய பின்பும் அவரே ஓல்ட் சேரத்தின் உறுப்பினராக இருந்தார். அவருடைய பேரன் வில்லியம் பிட், பிற்காலத்தில் சாத்தம் பிரபுவாகவும் பிரதமராகவும் ஆனவர், 1735 முதல் 1747 வரை அந்த ஊரின் பெயரில் அவையில் அமர்ந்தார். 1801-இல் இந்தக் குடும்பத்தின் இரண்டாம் கேமல்ஃபோர்ட் பிரபு, தீவிரச் சீர்திருத்தவாதியும் முன்னாள் பாதிரியாருமான ஹார்ன் டூக்கை அங்கிருந்து அனுப்பினார். திருநிலைப்படுத்தப்பட்டவர் அவையில் இருக்கலாமா என்ற கேள்வி எழுந்து, இனிமேல் கூடாது என்று அதே ஆண்டில் சட்டம் வந்தது. மறு ஆண்டு நிலம் கேலிடன் பிரபுவிடம் விற்கப்பட்டது. அவருடைய தந்தை இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் பொருள் ஈட்டியவர், குடும்பப்பெயர் அலெக்ஸாண்டர். 19-ஆம் நூற்றாண்டுப் பட்டியலில் அலெக்ஸாண்டர்கள் ஏன் வரிசையாக வருகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நில உரிமையாளர் மாறிய ஆண்டுகளைத் தனி நெடுவரிசையாக உறுப்பினர் பட்டியலின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். புரவலர், அதாவது உறுப்பினர் யார் என்பதைத் தன் நிலத்தாலோ செல்வாக்காலோ தீர்மானித்தவர், கையில் இருந்த எந்தப் பரோவுக்கும் இது பொருந்தும். இரண்டு நெடுவரிசைகளும் ஒத்துப்போகாத இடங்களில்தான் ஆராய வேண்டிய செய்தி இருக்கும்: சிறுவயது வாரிசு, கடன், பணத்துக்கு விற்கப்பட்ட இருக்கை, அல்லது அமைச்சரவைக்குச் செய்த உதவி.

பெயர்களைச் சேர்ப்பது

இப்போது பட்டியலுக்கு வரலாம். அடிப்படை ஆவணம் தேர்தல் ஆணையும் அதற்கு ஊர் அனுப்பிய பதில் பத்திரமும். இவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், சான்சரி துறையின் சி 219 என்ற வரிசையில் உள்ளன. 1878-இல் மக்களவை இவற்றைக் கொண்டு ஓர் அதிகாரப்பூர்வப் பெயர்ப் பட்டியலை அச்சிட்டது. நாடாளுமன்ற வரலாற்று அறக்கட்டளையின் ஆய்வுகள், 1386 முதல் 1832 வரையிலான காலத்தின் பெரும்பகுதிக்கு, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கட்டுரையும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு வாழ்க்கைக் குறிப்புமாக இருக்கின்றன. பெரும்பகுதியை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். முதலில் தொகுதிக் கட்டுரையைப் படித்து, அதன்பின் வாழ்க்கைக் குறிப்புகளுக்குச் செல்வதே சரியான வரிசை.

பதில் பத்திரங்கள் எல்லா நாடாளுமன்றங்களுக்கும் கிடைப்பதில்லை. 1478-க்கும் 1529-க்கும் இடைப்பட்டவற்றில் பெரும்பாலானவை காணாமற்போய்விட்டன. அந்த இடங்களைக் காலியாகவே விட்டு, ஆவணம் கிடைக்கவில்லை என்று எழுதுவதே நேர்மை. முன்னும் பின்னும் உள்ள பெயரைக் கொண்டு இட்டு நிரப்பக் கூடாது. 1653-இல் கூடிய நாடாளுமன்றத்துக்குத் தேர்தலே நடக்கவில்லை. அதன் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்கள். 1654, 1656 நாடாளுமன்றங்களில் சிறிய பரோக்கள் பல நீக்கப்பட்டு, மான்செஸ்டர், லீட்ஸ் போன்ற ஊர்களுக்கு முதன்முறையாக உறுப்பினர் கிடைத்தனர். 1659-இல் பழைய ஏற்பாடே திரும்பியது. ஒரு குக்கிராமப் பரோவின் பட்டியல் இந்த ஆண்டுகளிலும் இடைவெளியின்றி ஓடுமானால், அதைச் சந்தேகிக்க வேண்டும்.

இடைக்காலத்தில் சில ஊர்கள் தாமாகவே விலகிக்கொண்டதும் உண்டு. உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 2 ஷில்லிங் படியை ஊரே கொடுக்க வேண்டியிருந்ததால், உரிமை என்பது சுமையாகவும் இருந்தது. உள்ளூர்வாசிகளே உறுப்பினராக வேண்டும் என்று 1413-இல் ஒரு சட்டம் வந்தபோதும், படி கேட்காத வெளியூர்ப் பிரபுக்களையும் வழக்கறிஞர்களையும் ஊர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டன. யாரும் பொருட்படுத்தாத அந்தச் சட்டம் 1774-இல்தான் நீக்கப்பட்டது.

ஆண்டுக் கணக்கில் தனிக் கவனம் தேவை. 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத்தின் பெரும்பகுதி ஆகியவை அக்கால ஆவணங்களில் முந்தைய ஆண்டின் எண்ணையே தாங்கும். இதன் விளைவை வில்லியம் பிட்டின் தேர்தலில் நெருக்கமாகப் பார்க்கலாம். 1734 பொதுத்தேர்தலில் அவருடைய அண்ணன் தாமஸ் பிட், ஓல்ட் சேரம், ஓக்ஹாம்டன் ஆகிய இரண்டு ஊர்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருவர் ஓர் ஊருக்கே அமர முடியும் என்பதால் அவர் ஓக்ஹாம்டனை வைத்துக்கொண்டார். காலியான ஓல்ட் சேரத்துக்குத் தம்பி வந்தார். அந்த இடைத்தேர்தல் நடந்தது நம் கணக்கில் 1735 பிப்ரவரி, அன்றைய கணக்கில் 1734 பிப்ரவரி. ஆவணத்தில் உள்ள எண்ணை அப்படியே எடுத்தெழுதினால், அண்ணன் விட்டுக்கொடுப்பதற்கு முன்பே, ஏன், பொதுத்தேர்தலுக்கே முன்பாகத் தம்பி அந்த இருக்கையில் அமர்ந்துவிட்டார் என்று ஆகும். இரண்டு ஆண்டுகளையும் சாய்கோடிட்டு 1734/5 என்று குறிப்பது நல்ல வழக்கம்.

அதே குடும்பம் மற்றொரு சிக்கலையும் காட்டுகிறது. ஆளுநர் தாமஸ் பிட். அவருடைய மகன், லண்டன்டெரி பிரபு தாமஸ் பிட். பேரன், வில்லியமின் அண்ணன் தாமஸ் பிட். கொள்ளுப்பேரன், முதல் கேமல்ஃபோர்ட் பிரபு தாமஸ் பிட். அவர் மகன், ஹார்ன் டூக்கை அனுப்பிய இரண்டாம் பிரபு தாமஸ் பிட். ஒவ்வொருவருக்கும் பிறப்பு, இறப்பு ஆண்டுகளையும் உறவையும் முதல் குறிப்பிலேயே எழுதிவைக்காவிட்டால் இவர்களைப் பிரிக்கவே முடியாது. ஆளுநர் 1726-இல் இறந்தார் என்ற ஒரு செய்தி மட்டுமே, அதற்குப் பின் வரும் எல்லாத் தாமஸ்களையும் அவரிடமிருந்து பிரித்துக் கொடுத்துவிடும்.

ஒரே பெயர் சில மாத இடைவெளியில் இருமுறை வந்தால் அச்சுப்பிழை என்று கருதி நீக்கிவிட வேண்டாம். அரசுப் பதவி ஏற்ற உறுப்பினர் தம் இருக்கையை இழந்து மீண்டும் தேர்தலில் நிற்க வேண்டும் என்ற விதி 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1926 வரை இருந்தது. உறுப்பினர் நேரடியாகப் பதவி விலக முடியாது என்பதால், 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் என்ற பெயரளவிலான அரசப் பதவியை ஏற்று வெளியேறும் முறையும் வந்தது. இருக்கை காலியானதற்கு அந்தப் பெயர் காரணமாகக் காட்டப்பட்டிருந்தால், அது பதவி விலகலே. பொதுத்தேர்தல் நாடு முழுவதும் ஒரே நாளில் நடக்கத் தொடங்கியது 1918-இல்தான். அதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி நாள். கட்சிப் பெயரைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: 1832-க்கு முந்தைய சிறு பரோக்களின் அட்டவணையில் கட்சிக்கு ஒரு நெடுவரிசையே வேண்டாம், புரவலருக்கு ஒரு நெடுவரிசை போதும்.

தகராறு நடந்த தேர்தல்கள்

புரவலர் கை ஓங்கிய ஊர்களில் வாக்குப்பதிவு வரை போன தேர்தல்கள் குறைவு. பெரும்பாலானவை போட்டியின்றி முடிந்தன. அதனால் போட்டி நடந்த ஒவ்வொரு தேர்தலும் உன்னிப்பாகப் படிக்கத் தக்கது. 1872-இல் இரகசிய வாக்குமுறை வரும் வரை வாக்காளர் தம் தேர்வை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்கு வாக்களித்தார் என்று பெயருடன் அச்சிட்ட ஏடுகள் பல ஊர்களுக்குக் கிடைக்கின்றன. தச்சரும் சத்திரக்காரரும் யார் பக்கம் நின்றார்கள் என்பதை அவற்றில் காணலாம்.

தோற்றவர் மனுக் கொடுத்தால் 1770 வரை அவையே அதை விசாரித்தது, பெரும்பாலும் பெரும்பான்மையினரின் விருப்பப்படி. 1770-ஆம் ஆண்டின் கிரென்வில் சட்டம் அதைச் சீட்டுக் குலுக்கி அமைத்த குழுவிடம் ஒப்படைத்தது. 1868-இல் நீதிபதிகளிடம் சென்றது. மனுவால் வெளியேற்றப்பட்டவரையும் பட்டியலில் சேர்த்து, வெளியேறிய தேதியைக் குறிக்க வேண்டும். சஃபோக் கவுண்டியின் சட்பரி இதற்குச் சிறந்த சான்று. 1841-இல் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட டேவிட் ஆக்டர்லோனி டைஸ் சோம்பர், வட இந்தியாவில் சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவின் வாரிசு. ஆசிய வம்சாவளியில் மக்களவைக்கு வந்த முதல் உறுப்பினராகக் கருதப்படுபவர். லஞ்சக் குற்றச்சாட்டில் அவரும் உடன் வென்றவரும் 1842-இல் நீக்கப்பட்டார்கள். புதிய தேர்தல் நடத்தப்படவில்லை. 1844-இல் பரோவே ஒழிக்கப்பட்டது. அவர் பெயரை விட்டுவிட்டால் அந்த ஊரின் முடிவுக்கே காரணம் இல்லாமல் போகும்.

உரிமை எப்படிப் போனது

ஓர் ஊர் எந்தச் சட்டத்தால், எதற்காக உரிமையை இழந்தது என்பதைத் துல்லியமாக எழுத வேண்டும், ஏனெனில் காரணங்கள் ஒன்றல்ல. 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஊர் சிறியதாக இருந்ததைக் காரணமாக்கி 56 பரோக்களை முழுவதும் நீக்கியது. மேலும் 30 ஊர்கள் இரண்டில் ஒன்றை இழந்தன. ஓல்ட் சேரமும், கடல் அரித்துத் தின்ற டனிச் துறைமுகமும் முதல் வகையில் அடங்கும். அதற்கு முன்பே கார்ன்வாலின் கிராம்பவுண்ட் லஞ்சத்துக்காக 1821-இல் ஒழிக்கப்பட்டு, அதன் இரு இருக்கைகளும் யார்க்‌ஷயர் கவுண்டிக்குப் போயின; அங்கே வாக்குகளை விலைக்கு வாங்கிய மனாசே லோப்பஸ் சிறைக்கும் சென்றார். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் டாட்னஸ், ரைகேட், கிரேட் யார்மத், லங்காஸ்டர் ஆகியவற்றையும், 1870-இல் வந்த சட்டங்கள் பெவர்லியையும் பிரிட்ஜ்வாட்டரையும் ஊழலுக்காகவே நீக்கின. இந்த ஊர்களைப் பற்றி அரச விசாரணைக் குழுக்கள் அளித்த அறிக்கைகளில் சாட்சிகளின் சொற்கள் வினா விடையாக அச்சாகியுள்ளன. இவற்றுக்கு நிகரான ஆவணம் வேறில்லை. 1885-இல் நடந்ததோ பெரும்பாலும் தண்டனை அல்ல: 15,000-க்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட பரோக்கள் சுற்றியுள்ள கவுண்டிப் பிரிவுகளில் கரைக்கப்பட்டன.

கடைசியாக, ஒழிந்த ஊரின் நிலம் எந்தத் தொகுதிக்குள் சென்றது என்பதையும் அட்டவணையின் அடிவரியில் சேர்க்க வேண்டும். ஓல்ட் சேரத்தைப் பொறுத்தவரை அது 1832-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்ட வில்ட்ஷயர் கவுண்டியின் தெற்குப் பிரிவு. 1885 வரை அந்தப் பிரிவுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள்.